போர்டை மாத்தாதீங்க பாஸ்!

"போர்டு பழசாயிடுச்சு தம்பி. விண்டோஸ் 11 ஏறாது. போர்டு, பிராசஸர், ரேம் மூணையும் மாத்திடலாம்..." என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால், பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் பொறுங்க மக்களே!

2025 அக்டோபர் 14-ம் தேதியோட விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் முடிஞ்சுபோச்சு. அன்னியிலிருந்து அசெம்பிள்டு சிஸ்டம் வெச்சிருக்கிற ஹாஸ்டல் பசங்களுக்கு ஒரே புலம்பல். மைக்ரோசாஃப்ட்டோட 'பிசி ஹெல்த் செக்' ஓடவிட்டா, 'உங்க சிஸ்டம் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை'னு மூஞ்சில அடிச்ச மாதிரி வந்து நிக்குது. பக்கத்து ரூம்காரனோட பிராண்டட் லேப்டாப்புக்கு வயசு அதேதான், ஆனா அதுல ஒரு முணுமுணுப்பும் இல்ல. ஏன் இந்த ஓரவஞ்சனை?

காரணம் டி.பி.எம். 2.0. பாஸ்வேர்டு சாவிகளைப் பூட்டி வைக்கிற குட்டி லாக்கர்னு வெச்சுக்கங்க. 2016 ஜூலை 28-க்கு அப்புறம் வர்ற புது மாடல்கள்ல இதை ஆன் பண்ணித்தான் விக்கணும்னு கம்பெனிகளுக்கு மைக்ரோசாஃப்ட் கண்டிஷன் போட்டுச்சு. தனித்தனியா பார்ட்ஸ் வாங்கி மாட்டற நமக்கு யார் கண்டிஷன் போடறது? பிராசஸருக்குள்ளேயே லாக்கர் இருக்கும், ஆனா பயாஸ்ல ஆஃப்ல தூங்கிட்டு இருக்கும். அவ்ளோதான் மேட்டர்!

எங்க செகண்ட் இயர் ஜூனியர் ஒருத்தன்கிட்ட ரைசன் 5 2600. மேலே சொன்ன டயலாக்கை ஒரு கடையில கேட்டுட்டு, ஊர்ல இருக்கிற அப்பாவுக்கு போன் போட்டு பணமே கேட்டுட்டான். அவரும் பாவம், 'அடுத்த மாசம் பார்க்கலாம்பா'னு சொல்லியிருக்கார். ரன் பாக்ஸ்ல 'டி.பி.எம். டாட் எம்.எஸ்.சி.'னு அடிச்சுப் பார்த்தோம். 'டி.பி.எம். கிடைக்கவில்லை'னு வந்துச்சு. ரீஸ்டார்ட் பண்ணி, டெலீட் கீயைத் தட்டித் தட்டி பயாஸுக்குள்ள போயி, 'எஃப்.டி.பி.எம்.'ங்கறதை ஆன் பண்ணினோம். வார்னிங் காலி! செலவு, ரெண்டு டீ. அப்பாவுக்கு அவன் அடிச்ச அடுத்த போன்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

இன்டெல்காரங்க அதையே 'பி.டி.டி.'ங்கற பேர்ல தேடணும். போர்டுக்கு போர்டு இடம் மாறும். 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்டு', 'ட்ரஸ்டட் கம்ப்யூட்டிங்'னு எங்கேயாவது ஒளிஞ்சிருக்கும். ஏற்கெனவே பிட்லாக்கர் போட்டு வெச்சவங்க மட்டும், ரெகவரி கீயைப் பேப்பர்ல எழுதி வெச்சுட்டு பயாஸ்ல கை வைங்க.

அடுத்த வில்லன் செக்யூர் பூட். இது ஆன்ல இருந்தே ஆகணும்னு விண்டோஸ் 11 கேக்கல, ஆன் பண்ற வசதி இருந்தா போதும். (வேலரன்ட் ஆடறவங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. விண்டோஸ் 11-ல இது ஆன்ல இல்லேன்னா அது உள்ளேயே விடாது!) ஆனா, அந்த வசதிக்கு சிஸ்டம் யு.இ.எஃப்.ஐ. மோடுல இருக்கணும். 'எம்.எஸ்.இன்ஃபோ32' அடிச்சு 'பயாஸ் மோட்' வரியைப் பாருங்க. 'லெகஸி'னு இருந்தா, ஹார்டு டிஸ்க்கை எம்.பி.ஆர்.லேருந்து ஜி.பி.டி.க்கு மாத்தணும். ஃபார்மட் பண்ண வேண்டாம், விண்டோஸ் 10-லயே 'எம்.பி.ஆர்.2ஜி.பி.டி.'ங்கற கமாண்டு இருக்கு. முதல்ல 'வேலிடேட்' போட்டுப் பாருங்க, அப்புறம்தான் 'கன்வெர்ட்'.

இங்கதான் நம்ம ஊர் பழக்கம் காலை வாரும். சி-ல விண்டோஸ், டி-ல படம், இ-ல பாட்டு, எஃப்-ல 'இதர'னு கடையில கூறு போட்டுக் கொடுப்பாங்களே... மூணு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல இருந்தாலோ, லாஜிக்கல் பார்ட்டிஷன் ஒண்ணே ஒண்ணு இருந்தாலோ அந்தக் கமாண்டு கையை விரிச்சுடும். படங்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குக் கடத்திட்டு, கூடுதல் பார்ட்டிஷனை அழிச்சுட்டு வரணும். எப்படியிருந்தாலும் புராஜெக்ட் ஃபைலுக்கு பேக்கப் எடுக்காம இந்த வேலையில இறங்காதீங்க. கன்வெர்ட் முடிஞ்சதும் பயாஸ்ல 'சி.எஸ்.எம்.'மை ஆஃப் பண்ணினாத்தான் விண்டோஸ் எழுந்து வரும்.

சில அரதப்பழசு கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு யு.இ.எஃப்.ஐ.ன்னா என்னன்னே தெரியாது. சி.எஸ்.எம்.மை ஆஃப் பண்ணின அடுத்த நிமிஷம் மானிட்டர் கும்மிருட்டு! அலறாதீங்க. பவர் கேபிளைப் பிடுங்கிட்டு, போர்டுல இருக்கிற காசு சைஸ் பேட்டரியைக் கழட்டி, கொஞ்ச நேரம் கழிச்சு மாட்டுங்க. பயாஸ் பழைய செட்டிங்குக்குத் திரும்பிடும்.

எஃப்.டி.பி.எம். ஆன் பண்ணின சில ரைசன் சிஸ்டங்கள்ல அப்பப்போ விக்கல் வரும்னு ஏ.எம்.டி.யே 2022-ல ஒத்துக்கிட்டு, பயாஸ் அப்டேட்ல சரி பண்ணிச்சு. அந்த அப்டேட்டை யு.பி.எஸ். இருக்கும்போது மட்டும் போடுங்க. பாதியில கரன்ட் போனா, நிஜமாவே போர்டு மாத்த வேண்டி வரலாம்!

எந்த செட்டிங்காலயும் தீர்க்க முடியாத வார்னிங், பிராசஸர். இன்டெல்ல பொதுவா 8-வது தலைமுறை, ஏ.எம்.டி.யில ரைசன் 2000 வரிசையிலிருந்துதான் லிஸ்ட்ல இடம். அதுலயும் 2200ஜி, 2400ஜி ரெண்டும் பேருக்குத்தான் 2000, லிஸ்ட்ல கிடையாது. இதைவிடக் கொடுமை, 2017-ல வந்த ஐ7-7700 ஃபெயில், அதே வருஷக் கடைசியில வந்த ஐ3-8100 பாஸ். ஐ7 வாங்கி கெத்தா திரிஞ்ச சீனியர்களை நினைச்சா நிஜமாவே பாவமா இருக்கு.

லிஸ்ட்ல இல்லாதவங்களுக்கு ரிஜிஸ்ட்ரி குறுக்குவழி சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்காங்க. அப்படி ஏத்தின சிஸ்டத்துக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தர்றதில்ல. செமஸ்டர் நடுவுல அந்த ரிஸ்க் வேணாம்னுதான் சொல்வேன். அதுக்கு பதிலா லினக்ஸ் மின்ட் போடலாம். சி புரோகிராம், பைத்தான், ஜாவா லேப் எல்லாம் அதுல ஜம்முனு ஓடும். மெக்கானிக்கல், சிவில்காரங்க மட்டும் அவசரப்படாதீங்க. ஆட்டோகேடும் சாலிட்வொர்க்ஸும் லினக்ஸுக்கு வர்றதில்ல. லேப் சிஸ்டத்துலயே வேலையை முடிக்க முடியுமான்னு பார்த்துட்டு அப்புறம் விண்டோஸை அழிங்க.