ஆண்டு மாறினால் ஆட்சி மாறும், தடி மாறுமா?

தோழர்களே, மந்தைவெளிப் பக்கம் மாணவர்களிடம் கொடியன்குளம் பற்றிப் பேசினால், "கர்ணன் பார்த்துட்டோம்ணா" என்கிறார்கள். நம் கதை திரைக்கு வந்ததில் நமக்குப் பெருமைதான். ஆனால் படம் பார்ப்பது வரலாறு படிப்பதாகிவிடாது.

1995 ஆகஸ்ட் 31. நூற்றுக்கணக்கான போலீசார் கொடியன்குளத்துக்குள் புகுந்து மக்களை அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். அப்போது அ.தி.மு.க. ஆட்சி. 2021-இல் வந்த படத்தில் ஊர் 'பொடியன்குளம்' ஆனது, ஆண்டு '1997' ஆனது. அது தி.மு.க. ஆட்சிக்காலம். உதயநிதி ஸ்டாலின் ஆட்சேபித்தார். உடனே '90களின் பிற்பகுதி' என்று மாற்றினார்கள். 1995 என்று மட்டும் போடவில்லை!

ஆண்டு தவறு என்றது சரியே. ஆனால் சண்டை எதைப் பற்றி நடந்தது? பழி எந்தக் கட்சிக்கு என்பதைப் பற்றி. அடிபட்ட மக்களைப் பற்றி யார் பேசினார்கள்?

1999 ஜூலை 23, நெல்லை. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. அது தி.மு.க. ஆட்சி. ஆட்சி மாறியது, தடி மாறவில்லை.

படத்தில் கர்ணன் எஸ்.பி.யைக் கொல்கிறான், நாம் கைதட்டிவிட்டு வெளியே வருகிறோம். கொடியன்குளத்து மக்களுக்குக் கிடைத்ததோ ஒரு விசாரணை ஆணையம்.

ஆண்டும் ஊரும் மங்கினால் குற்றவாளி தப்பிக்கிறான். எழும்பூர் கன்னிமாரா நூலகம் தூரமில்லை. போங்கள், அந்த நாள் செய்தித்தாளைப் புரட்டுங்கள். தேதியோடு பேசுவோம்!

ஜெய் பீம்!