பிணத்திலும் இனம் பார்ப்பதா?

1983 யூன் 3ஆம் நாள் இந்நாட்டு அரசாங்கம் அவசரகால ஒழுங்குவிதி ஒன்றைப் பிறப்பித்தது. 15ஏ என்பது அதன் இலக்கம். மரணவிசாரணை நடத்தாமலே சடலங்களைப் புதைக்கவும் எரிக்கவும் அது பாதுகாப்புத் துறையினருக்கு இடமளித்தது. மாண்டவன் யார், எங்கே மாண்டான், எவ்வாறு மாண்டான் என்று கேட்கும் நீதவானின் வாய் அன்று கட்டப்பட்டது. இரண்டு மாதம் நிறையுமுன் வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின.

அந்த விதி இன்று சட்ட ஏட்டில் இல்லை. ஆனால் பத்திராதிபர்களின் மேசையில் அது உயிரோடிருக்கிறது என்பதே எமது குற்றச்சாட்டு. எவருடைய சாவு தலைப்புச் செய்தியாக வேண்டும், எவருடைய சாவு பெயரின்றிப் புதைய வேண்டும் என்பதை அவர்கள் இறந்தவனின் இனத்தைப் பார்த்தும் கொன்றவனின் கொடியைப் பார்த்துமே தீர்மானிக்கின்றனர்.

சான்று வேண்டுமா? 1983 யூலை 23 இரவு, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவத்தினர் மாண்டனர். அச்செய்தி 25ஆம் நாள் கொழும்புப் பத்திரிகைகளில் வந்தது. வர வேண்டியதே, அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள்தாம். ஆனால் 24ஆம் நாள் அதே பகுதியில் இராணுவத்தினரின் துப்பாக்கிக்கு இரையான பொதுமக்களைப் பற்றிய செய்தி எங்கே? அது தணிக்கையின் இருளில் மறைந்தது. உண்மையின் ஒரு பாதி அச்சேறியது. மறுபாதி மண்ணுக்குள் போயிற்று. அச்சேறிய பாதியே, எரித்தவர்க்கும் வெட்டியவர்க்கும் நியாயம் கற்பிக்க உதவியது. 28ஆம் நாள் தொலைக்காட்சியில் தோன்றிய ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனா, வீடிழந்து அகதி முகாம்களில் கிடந்த தமிழருக்கு ஓர் அனுதாபச் சொல்லேனும் கூறினாரில்லை.

அந்த யூலை 25ஆம் 27ஆம் நாள்களில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொலையுண்டனர். அங்கே மட்டும் மரணவிசாரணை நடந்தது. அவை கொலைகள் என்று நீதவான் பதிவு செய்தார். எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. அது வேறொரு வெட்கக்கேடு. ஆயினும் அந்தப் பதிவை இன்றுவரை எவராலும் அழிக்க முடியவில்லை. எழுதப்பட்ட சாவுக்கும் எழுதப்படாத சாவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

எழுதப்படாத சாவின் உச்சத்தை 2009இல் வன்னியிலே கண்டோம். செய்தியாளர் உள்ளே விடப்படவில்லை. பொதுமக்களுக்கு உயிரிழப்பே இல்லை என்று அரசாங்கம் சாதித்தது. 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை என்று ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு 2011இல் கூறிற்று. போர் நடந்தபோதே சாவுகளைக் கணக்கெடுத்த ஐ.நா. அலுவலர்கள் அக்கணக்கை உலகுக்கு வெளியிடத் தவறினர் என்பதை 2012இல் அந்நிறுவனத்தின் உள்ளக ஆய்வே ஒப்புக்கொண்டது. வன்னி உழவனும் அவன் மனைவி மக்களும் எண்ணாகக்கூட அன்று பத்திரிகைக்கு வரவில்லை.

2019 ஏப்ரல் 21ஐயும் நினைவுகூர்வோம். கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்புச் சீயோன் ஆலயம் ஆகிய மூன்றும் ஒரே நாளில், ஒரே கூட்டத்தாரின் குண்டுக்கு இரையாயின. கொழும்பு ஹோட்டல்களில் மாண்ட வெளிநாட்டவரின் வாழ்க்கைக் குறிப்புகளை உலகப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. சீயோனில் மாண்ட சிறுவர்களோ பல ஏடுகளில் ஒரு பந்தியோடு முடிந்தனர். குண்டு வேறுபாடு காட்டவில்லை, பேனா காட்டியது.

இதுவரை வாசித்துத் தலையசைத்த தமிழ் வாசகரே, இனி எம்முடைய கணக்கையும் பார்ப்போம்.

1985 மே 14 அநுராதபுரத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட சிங்கள மக்கள். 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகை வேளையில் கொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள். 1996 யூலை 24, வெள்ளவத்தைக்கு அப்பால் தெகிவளை ரயில் நிலையத்தில் குண்டுக்கு இரையான 60க்கும் மேற்பட்ட பயணிகள். 1999 யூலை 29 கொழும்பு வீதியில் கொல்லப்பட்ட சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம். இவர்களை எம்மவர் எவ்வாறு எழுதினர்? கொன்றவர் யாரென்று ஊரே அறிந்த வேளையிலும் “இனந்தெரியாத நபர்கள்” என்றனர். இறந்தவர் தமிழராயின் “துரோகி” என்றனர். அந்த ஒரு சொல்லே எங்கள் 15ஏ! அச்சொல் விழுந்த பிணத்துக்கு விசாரணை இல்லை, அழுகை இல்லை, அடுத்த வாரம் பெயரும் இல்லை.

அச்சத்தால் எழுதவில்லை என்பர். அச்சம் பொய்யன்று. 2000இல் நிமலராஜன், 2005இல் சிவராம், 2006இல் சுகிர்தராஜன் எனப் பேனா பிடித்தோர் மண்ணில் சாய்ந்ததை மறந்தோமல்லோம். ஆனால் 2009இல் துப்பாக்கி ஓய்ந்த பின்னரும் காத்தான்குடியைப் பற்றி எழுதக் கை நடுங்குவானேன்? இன்று எம்மைத் தடுப்பது அச்சமன்று, வழக்கம்.

“அடக்கிய அரசையும் அடக்கப்பட்டவனையும் ஒரே தட்டில் வைப்பதா?” என்று நண்பர்கள் சிலர் சினப்பர். வைக்கச் சொல்லவில்லை. சட்டமும் காவலும் கையிலுள்ள அரசு தன் குடிகளையே கொல்வது கொடிதினும் கொடிது. அதை எடைபோட வேண்டிய இடம் குற்றத் தீர்ப்பு. மரணவிசாரணையோ அதற்கு முந்திய படி. அங்கே எந்த அதிகாரியும் பிணத்தைப் பார்த்து, “நீ எந்தக் கட்சி?” என்று கேட்பதில்லை. யார், எப்போது, எங்கே, எவ்வாறு என்பவையே கேள்விகள். முதற்படியிலேயே ஆள் பார்ப்பவன் இறுதித் தீர்ப்பில் நீதி கேட்கும் தகுதியை இழக்கிறான். காத்தான்குடியைப் புதைத்த கையால் முள்ளிவாய்க்காலுக்கு நீதி கோரி மனு எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞன் முதற் கேள்வியிலேயே எம்மை மடக்குவான். யான் அவன் இடத்தில் இருந்தாலும் அதையே செய்வேன்.

ஆதலின் எமது கோரிக்கை எளியது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொழில் புரியும் சட்டத்தரணிகளே, மாதத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். வன்னியிலும் மட்டக்களப்பிலும் வயல் உழும் பெருமக்களே, உங்கள் ஊரில் மாண்டோரின் பெயர், வயது, நாள், இடம், நேரிற் கண்டதைச் சொல்லக்கூடியவர் யார் என்பவற்றை எழுதித் தாருங்கள். புலி சுட்டதாயினும் எழுதுங்கள். படை சுட்டதாயினும் எழுதுங்கள். கண்ட சாட்சிகள் முதுமையால் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்களோடு சாட்சியமும் போய்விடும்.

வரும் யூலையில், திருநெல்வேலியில் மாண்ட 13 படையினரின் பெயரையும், மறுநாள் அங்கே மாண்ட எம் மக்களின் பெயரையும் ஒரே பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் அச்சிடத் துணியும் ஏடு எது? சிங்கள ஏடு முதலில் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இவ்வேடே முதலில் செய்யட்டும்!