கையெழுத்தில் வந்தது கையெழுத்திலேயே போகும்

"அமெரிக்காவில் யார் எதில் கையெழுத்துப் போட்டால் நமக்கென்ன? நமக்குக் கொழுந்து நிறுவையில் குறைந்தால்தானே கவலை?" பிரட்டுக் களத்தில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்லும் கடமை சங்கத்துக்கு உண்டு.

2025 மார்ச் 27ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் ஒரு நிறைவேற்று உத்தரவில் ஒப்பமிட்டார். பல அரச திணைக்களங்களின் ஊழியர்கள் தொழிற்சங்கத்தின் மூலம் கூட்டாகப் பேசி ஒப்பந்தம் செய்யும் உரிமை அந்த ஒரே தாளில் பறிக்கப்பட்டது. முன்னாள் படைவீரர்களின் மருத்துவமனைகளில் வேலை செய்யும் தாதியர், சுற்றாடல் திணைக்களத்தினர், திறைசேரி ஊழியர் என்று ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இதில் அகப்பட்டார்கள் என்பது அங்குள்ள தொழிற்சங்கங்களின் கணக்கு. பாராளுமன்ற விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை.

சொல்லப்பட்ட காரணம் தேசியப் பாதுகாப்பு. 1978ஆம் ஆண்டுச் சட்டமொன்றில், உளவு, புலனாய்வு, பாதுகாப்பு வேலைகளையே முக்கியமாகச் செய்யும் நிறுவனங்களை ஜனாதிபதி விலக்கி வைக்கலாம் என்றொரு வாசகம் உண்டு. அந்தச் சிறு கதவின் வழியாகத்தான் இவ்வளவு பேரும் வெளியே தள்ளப்பட்டார்கள். ஆனால் பொலிஸாருக்கும் தீயணைப்புப் படையினருக்கும் இந்த உத்தரவு பொருந்தாதாம். நோயாளிக்கு ஊசி போடும் தாதி சங்கம் வைத்தால் நாட்டுக்கு ஆபத்து, துப்பாக்கி வைத்திருப்பவர் சங்கம் வைத்தால் ஆபத்தில்லை! உண்மைக் காரணத்தை வெள்ளை மாளிகை தன் விளக்க அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. சில தொழிற்சங்கங்கள் ஜனாதிபதியின் திட்டங்களை எதிர்த்துப் போர் தொடுக்கின்றன என்பதுதான் அந்தக் குறை. எதிர்த்துப் பேசியதற்குத் தண்டனை இது.

அதோடு நிற்கவில்லை. சம்பளத்தில் சந்தா பிடித்துச் சங்கத்துக்கு அனுப்புவதைப் பல திணைக்களங்கள் நிறுத்தின. செக்ரோலில் சந்தா பிடிப்பதை நிறுத்தினால் சங்கம் என்னவாகும் என்பதை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நியமனங்களையும் பாருங்கள். தனியார் துறைத் தொழிலாளர் முறையிடும் இடம் தேசியத் தொழில் உறவுகள் சபை. அதில் ஐந்து பேர் இருக்க வேண்டும், முடிவெடுக்க மூவராவது தேவை. 2025 ஜனவரியில் அதன் உறுப்பினர் க்வின் வில்கொக்ஸ், பதவிக்காலம் முடியச் சில வருடங்கள் இருக்கும்போதே நீக்கப்பட்டார். சபையில் இருவர் மிஞ்சினர். சட்டம் அப்படியே இருந்தது, சபையின் பெயர்ப்பலகையும் இருந்தது, தீர்ப்புச் சொல்லத்தான் ஆள் இல்லை. சபையின் தலைமைச் சட்ட அதிகாரி பதவிக்குப் பெயர் குறிக்கப்பட்டவரோ, முதலாளிமாருக்காக வாதாடும் சட்ட நிறுவனமொன்றிலிருந்து வந்தவர்.

தொழில் அமைச்சுக்கு மட்டும் ஒரு நல்ல முகம் தேடிப் பிடித்தார்கள். தொழிற்சங்கக் குடும்பத்தில் பிறந்த லோரி சாவேஸ்-டிரிமருக்கு 2025 மார்ச் 10ஆம் திகதி செனட் சபை அங்கீகாரம் கொடுத்தது. சில சங்கத் தலைவர்கள் மகிழ்ந்தார்கள். பதினேழாவது நாள் அந்த உத்தரவு வந்தது. நம்மவர் ஒருவருக்கு அமைச்சுப் பதவி கிடைத்தால் பட்டாசு கொளுத்தும் மலையகம் இதை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். கதிரையில் நம் ஆள் உட்கார்ந்திருப்பது வேறு, நம் கையில் உரிமை இருப்பது வேறு.

தோழர்களே, அமெரிக்க அரச ஊழியர்களுக்கு இந்த உரிமை எப்படி வந்தது? 1962 ஜனவரியில் ஜனாதிபதி கெனடி ஒப்பமிட்ட ஓர் உத்தரவினால் வந்தது. நல்ல மனதோடு போட்ட கையெழுத்தாகவே இருக்கட்டும். ஒருவர் பேனாவால் தந்ததை இன்னொருவர் பேனாவால் எடுப்பார். பிறகு சட்டமாக்கியபோதும் அதில் ஒரு கதவைத் திறந்துதான் வைத்தார்கள்.

நம் நாட்டிலும் அப்படிப்பட்ட கதவுகள் உண்டு. 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி போதும், வேலைநிறுத்தம் குற்றமாகிவிடும். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். அடுத்த வருடம் அமெரிக்காவில் ஜனாதிபதி ரீகன் 11,000க்கு மேற்பட்ட விமானக் கட்டுப்பாட்டாளர்களை வீட்டுக்கு அனுப்பினார்.

நம் சம்பளக் கதையும் இதுதான். 2021இல் 1000 ரூபா வர்த்தமானியில் வந்தது. அதைச் சாட்டாக வைத்துக் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தைக் கைகழுவின. அன்றிலிருந்து சம்பளத்துக்காக நாம் வர்த்தமானியையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒப்பந்தத்தில் சம்பளம் மட்டுமா இருந்தது? வேலை நிபந்தனையும் பிணக்குத் தீர்க்கும் முறையும் இருந்தன. சம்பளம் கூடிய மகிழ்ச்சியில் அவை போனதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

அப்படியென்றால் உரிமை எங்கே இருந்து வருகிறது? அதற்கும் அமெரிக்காவிலேயே விடை உண்டு. 1935ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம் விவசாயத் தொழிலாளரைச் சேர்க்கவில்லை. தோட்டத்தில் வேலை செய்பவனுக்குச் சங்க உரிமை தேவையில்லை என்றே விட்டுவிட்டார்கள். 1965 செப்டெம்பரில் கலிபோர்னியாவின் டெலானோவில் பிலிப்பினோ தொழிலாளர் திராட்சைத் தோட்டங்களில் வேலையை நிறுத்தினார்கள். சில நாட்களில் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளரும் சேர்ந்தார்கள். மொழி வேறு, சங்கம் வேறு. முதலாளிமார் ஒரு கூட்டத்தை வைத்து மற்றக் கூட்டத்தின் வேலைநிறுத்தத்தை உடைப்பது அங்கே பழைய வழக்கம். இந்த முறை அது பலிக்கவில்லை. நகரத்து மக்களிடம் போய்த் திராட்சை வாங்காதீர்கள் என்று கேட்டார்கள். ஐந்து வருடம் தாங்கினார்கள். 1970இல் முதலாளிமார் மேசைக்கு வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஜனாதிபதி ஒருவரும் அவர்களுக்காக உத்தரவு போடவில்லை.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. கூட்டு ஒப்பந்தம் மீண்டும் வேண்டும் என்பதை எல்லாச் சங்கங்களும் ஒரே குரலில் கேட்க வேண்டும், கொடியின் நிறம் பிறகு. தோட்டக் கமிட்டி மாதம் ஒரு தடவை கூட வேண்டும், அதில் கொழுந்து எடுக்கும் பெண்கள் பேச வேண்டும். அலுவலகம் சந்தா பிடிக்காவிட்டாலும் லயம் லயமாகப் போய்ச் சேர்க்கக்கூடிய சங்கமாக நாம் இருக்க வேண்டும்.

அந்த மூன்றும் இருந்தால் எந்தப் பேனாவும் நம்மை அழிக்காது.