என்ஜினுக்கு முக்காடு எதற்கு?

ஸ்போர்ட்ஸ் காரில் காசைக் கொட்டுவது என்ஜினுக்காகத்தான். பானட்டைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் தாம்பாளம்! பிரெஞ்சில் இதற்குப் பெயர் 'காஷ்-மொத்தேர்'. 'காஷே' என்றால் ஒளிப்பது. பெயரிலேயே குட்டு உடைந்துவிட்டது.

1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் முன்பாகம் முழுவதுமே முன்னால் சாயும். எங்கள் ஆபீசர் டயர்மேல் உட்கார்ந்தே ஸ்பார்க் பிளக் கழற்றுவார். இந்தத் தாம்பாளத்துக்கு அடியிலோ ஆயில் கசிந்தாலும் கண்ணில் படாது. மயிலாப்பூர்த் தெருவில் இரண்டு வாரம் சும்மா நின்றால் எலி அங்கே குடித்தனம் வைத்து, வயரையும் கடித்துவிடும்.

சத்தம் குறைக்க அடியில் ஃபோம் இருக்கிறதே என்பார்கள். டீசல் காருக்குச் சரி. உறுமலுக்காகவே வாங்கிய வண்டிக்கு எதற்கு ஐயா? ஏர் ஃபில்டர் மூடியோடு சேர்ந்திருந்தால் மட்டும் தொடாதீர்கள். வெறும் அலங்காரமென்றால் கழற்றிப் பரணில் போடுங்கள். வண்டியை விற்கும்போது கேட்பார்கள்.