காட்டைக் காட்டுபவர் யார்?

கடந்த மாசி மாதம் எமது பங்கின் இளைஞர், யுவதிகள் இருபது பேரைச் சிங்கராஜ வனத்துக்கு அழைத்துச் சென்றோம். "வன்னிப் பிள்ளைகளுக்குக் காடு காட்ட இரத்தினபுரிப் பக்கம் போகவேண்டுமோ?" என்று கேலி செய்தவர்களும் உண்டு. கேலியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எமது காடு வேறு, அந்தக் காடு வேறு. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் எமது காடு, வாடைக்காற்று மழையை நம்பி ஆண்டின் பாதியைத் தாகத்தோடு கழிக்கும் காடு. சிங்கராஜவிலோ ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நிலம் காய்வதே இல்லை. பிள்ளைகள் காலுறைக்கு மேல் சவர்க்காரம் பூசிக்கொண்டு நடந்தும் அட்டைகள் விடவில்லை. கிளிநொச்சி வெயிலுக்குப் பழகிய எனக்கு ஒரு மணித்தியாலத்திலேயே மூச்சு வாங்கியது.

அங்கே வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக அனுமதி இல்லை. எமக்கு வாய்த்தவர் குடாவப் பக்கத்துக் கிராமத்தவர். அவருடைய சிங்களத்தைக் கொழும்பில் வேலை செய்த எமது பெடியன் ஒருவன் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். ஓரிடத்தில் அவர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். எமக்கு ஒன்றும் கேட்கவில்லை. "கூட்டம் வருகிறது" என்றார். சில நிமிடங்களில் எங்கள் தலைக்கு மேலே மரங்கள் முழுவதும் பறவைகள்! முன்னே, எமது வளவுகளில் திரியும் புலுனிக்கு உறவான செம்மஞ்சள் அலகுப் புலுனிகள் இலைகளைக் கிளறிப் பூச்சிகளைக் கலைத்தன. அவற்றோடு கொண்டைக் கரிச்சான் காவல்காரனைப் போலக் குரல் கொடுத்தது. பின்னால் வேறு வேறு இனங்கள். ஒரே கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு இனங்களும் நாற்பது வரையான பறவைகளும் சேர்ந்து இரை தேடும் இந்த வழக்கத்தைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அந்த மனிதர் கரிச்சானின் குரலை வைத்தே அதை முன்கூட்டி அறிந்திருந்தார்.

திரும்பி வரும் வழியில் முல்லைத்தீவுப் பக்கத்து இளைஞன் ஒருவன் என்னருகே வந்தான்.

"பாதர், இந்த அண்ணைக்கு இதுக்குச் சம்பளம் குடுக்கினமோ?"

"ஓம். நாங்கள் வாசலிலை கட்டின காசிலையும் அவருக்குப் பங்கு இருக்குத்தானே."

"எங்கட அப்பாவுக்கும் இதெல்லாம் தெரியும். அவருக்கு வழக்கெல்லோ போட்டவை."

நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகவே எழுதப்படுகிறது.

அவனுடைய தகப்பனாரை நான் அறிவேன். பாலைப்பழக் காலத்தில் கரடி எந்தப் பக்கம் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். யானையின் இலத்தியைக் காலால் தட்டிப் பார்த்து அது எப்போது போனது என்பார். தேனீ தண்ணீருக்கு வந்து திரும்பும் திசையைப் பார்த்தே மரப்பொந்தைக் கண்டுபிடிப்பார். காட்டுக்குள் இறங்குமுன் ஐயனாருக்கு ஒரு கொப்பு முறித்து வைப்பார். நான் உடன் போனாலும் அதை ஒளிக்கமாட்டார், நானும் தடுப்பதில்லை. அவர் மான் இறைச்சியோடு பிடிபட்டவர் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் அவருக்குள் இருக்கும் அறிவுக்கு இன்றுவரை சமூகம் கொடுத்த ஒரே பெயர் 'கள்ளன்' என்பதுதான்.

சிங்கராஜவும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இயந்திரங்களைக் கொண்டு அங்கே மரம் வெட்டினார்கள். மக்களின் எதிர்ப்பால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1978இல் உயிர்க்கோள ஒதுக்கிடமாகவும், 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமையாகவும் அவ்வனம் ஏற்கப்பட்டது. கித்துள் சீவியும் பிரம்பு வெட்டியும் பிழைத்த சுற்றுக் கிராமத்தவருக்கு இதனால் இழப்புகளும் இருந்தன. ஆயினும் அவர்களுள் சிலருக்கேனும் வழிகாட்டி என்ற தொழில் திறந்தது.

இதைவிடத் துணிவான உதாரணம் கடலுக்கு அப்பால் உண்டு. தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய மலைமேல், கேரளத்துத் தேக்கடியில் பெரியார் புலிகள் காப்பகம் இருக்கிறது. அங்கே காட்டுக் கறுவாப்பட்டை உரித்தும் வேட்டையாடியும் வந்தவர்களோடு 1990களின் பிற்பகுதியில் வனத்துறை பேசியது. அவர்கள் களவுத் தொழிலை விட்டார்கள். மற்றக் களவுக் கும்பல்களைப் பிடிக்கவும் உதவினார்கள். அவர்களைக் கொண்டே, சிறு குழுக்களாகப் பயணிகளை அழைத்துச் சென்று காட்டுக்குள் கூடாரத்தில் தங்கவைத்துக் கூட்டிவரும் 'பெரியார் டைகர் டிரெயில்' என்ற நடைப்பயணம் தொடங்கப்பட்டது. காவலர் கண்ணில் படாமல் திரிந்த அதே தடங்களில் காவலரோடு சேர்ந்து நடந்தார்கள். இது தருமம் அல்ல. காட்டை அவர்களைவிட அறிந்தவர்கள் அங்கே இல்லை என்பதை அதிகாரிகள் ஒப்புக்கொண்டதன் விளைவு அது.

வன்னியில் நிலைமை என்ன? 2015இல் மடு வீதியும் சுண்டிக்குளமும் தேசிய பூங்காக்களாகத் தரமுயர்த்தப்பட்டன. காடு காக்கப்படுவதை நான் எதிர்க்கவில்லை. எமது குளங்களுக்குத் தண்ணீர் தருவது அந்தக் காடுதான். ஆனால் இடம்பெயர்ந்த மக்கள் பத்தும் இருபதும் ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது அவர்களுடைய வயலிலும் மேட்டுநிலத்திலும் மரம் வளர்ந்திருந்தது. பல இடங்களில் அந்த மரத்தைப் பார்த்து எல்லைக்கல் நடப்பட்டதே தவிர, அதன் கீழ் மறைந்த வரம்பையும் கிணற்றையும் எவரும் பார்க்கவில்லை. தன் தகப்பன் உழுத நிலத்துக்குள் போக அஞ்சுகிற ஒருவனிடம் "காட்டைக் காப்பாற்று" என்று கருத்தரங்கு நடத்துவது எவ்வளவு தூரம் பொருந்தும்? (அப்படியான கருத்தரங்குகளை நாமும் நடத்தியிருக்கிறோம், தேநீரும் வடையும் கொடுத்து.)

இப்போது ஜீப் வண்டிகள் வரத் தொடங்கியுள்ளன. யானை, கரடி, பறவைகள், 'சாகசப் பயணம்' என்று விளம்பரம் செய்கிறார்கள். சாகசம் என்ற சொல் எனக்குச் சற்று உறுத்துகிறது. 2006 மே மாதத்தில் வில்பத்துவுக்குள் காடு பார்க்கப் போனவர்கள் கண்ணிவெடியில் சிக்கி இறந்தார்கள். யானையிறவிலிருந்து காட்டு வழியே தப்பிச் செல்லும் இருவரின் கதையை நாவலாக எழுதிய நிஹால் டி சில்வாவும் அவர்களுள் ஒருவர். அப்போது மூடப்பட்ட பூங்கா 2010இல்தான் மீண்டும் திறந்தது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இல் இலங்கை இணைந்தது. எனினும் வடக்கில் வெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. எந்தத் தடத்தில் மாடு போய் வருகிறது, எந்தத் தடத்தில் எவரும் கால் வைப்பதில்லை என்பதை நகரத்திலிருந்து வரும் சாரதி எப்படி அறிவார்? விறகுக்குப் போகும் எமது தாய்மார் அறிவார்கள்.

வெளியிலிருந்து வரும் முதலீடு விடுதி கட்டும், வண்டி ஓட்டும். எமது பிள்ளைகள் அங்கே கோப்பை கழுவுவார்கள். வேறு மாவட்டங்களின் கரையோரங்களில் கண்ட காட்சிதான் இது.

ஆனால் எமது வீட்டையும் நாம் கூட்டவேண்டியவர்களாயுள்ளோம். இரவில் உழவு இயந்திரத்தில் முதிரைக் குற்றி ஏற்றுபவர்கள் அந்நியர் மட்டுமல்லர். சுருக்குத்தடமும் கட்டுத்துவக்கும் வைப்பவர்கள் எமது பங்குகளிலேயே இருக்கிறார்கள். மரை இறைச்சி எங்கே வாங்கலாம் என்று என்னிடமே விசாரித்த விருந்தினர்களும் உண்டு. 2023இல் நாடெங்கும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இந்த மோதலில் மாண்டார்கள். சுருக்கு வைக்கும் கையையே பயணிக்கு வழிகாட்டவும் அழைக்க முடியாது. தேக்கடியில் முதலில் கத்தியைக் கீழே வைத்தார்கள். அந்த ஒழுங்கு இங்கும் வேண்டும்.

ஆகவே எமது அபிவிருத்தி நிறுவனங்கள் தையல் இயந்திரமும் ஆட்டுக்குட்டியும் கொடுப்பதோடு நில்லாமல் இதைக் கையிலெடுக்கலாம். காட்டோரக் கிராமம் ஒவ்வொன்றிலும் நாலைந்து பேரைத் தெரிந்து, முதலுதவியும் பறவைகளின் பெயர்களும் மும்மொழியில் நாலு வார்த்தையும் படிப்பித்து, அதிகாரிகளோடு ஒரே மேசையில் இருத்தவேண்டும். பெண்களையும் சேர்க்கவேண்டும். கட்டணத்தில் ஒரு பங்கு கிராமத்தின் பொதுநிதிக்குப் போகட்டும். எல்லைக்கல் பிரச்சினையை ஒத்திவைத்துவிட்டு இதைத் தொடங்கினால் மக்கள் நம்பமாட்டார்கள். இரண்டும் ஒன்றாக நடக்கவேண்டும். பயணிகள் தொகையும் குறைவாகவே இருக்கட்டும். ஒரு யானைக்குப் பத்து ஜீப் என்ற கூத்து எமக்கு வேண்டாம்.

சிங்கராஜவிலிருந்து வந்தபின் அந்த இளைஞனின் வீட்டுக்குப் போயிருந்தேன். தகப்பனார் முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார். மகன் எல்லாம் சொல்லியிருந்தான். அட்டைக் கதையைக் கேட்டுச் சிரித்தார். "பாலைப்பழக் காலம் வரட்டும் சுவாமி, உங்களையும் பெடியளையும் கரடி பார்க்கக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். சிறிது நேரம் செதுக்கிவிட்டுக் கேட்டார்: "ஆனால் இடையிலை மறிச்சால், நான்தான் வழிகாட்டி எண்டு காட்ட எனக்கு ஆர் சுவாமி ஒரு கடதாசி தருவினம்?"