புது ட்ரம்பெட்டா, பழசா?

ஸ்கூல் பேண்டில் சேர்ந்த பிள்ளை ட்ரம்பெட் கேட்டால், டில்லியில் எல்லோரும் சொல்வது, "மீரட் ஜாலி கோட்டிக்குப் போங்க, சல்லிசா கிடைக்கும்." பேண்டு வாத்தியத்துக்குப் பேர்போன இடம்தான். ஆனால் என்னைக் கேட்டால், விலையை மட்டும் பார்த்து வாங்கும் புதுசைவிட நன்றாக வைத்திருந்த பழைய யமஹா மேல். மூன்று வால்வில் ஒன்று சிக்கினாலும், தனக்கு வாசிக்க வரவில்லை என்று பிள்ளை ஒதுங்கிவிடும்.

பழசு வாங்கப் போனால், வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை இழுங்கள், பிறகு அழுத்துங்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் கசிவில்லை. ஊதுகுழாயில் செம்புள்ளிகள் இருந்தால் வேண்டாம்; பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப் போயிருக்கும். வாயகன்ற பக்கம் சின்னச் சொட்டை இருந்தால் பேரம் பேசலாம்.

ஆறு மாதத்தில் ஆசை தீர்ந்தாலும் கவலையில்லை. நல்ல பழசை வாங்க ஆள் வரும். மட்டமான புதுசு பரணுக்குத்தான் போகும்.