நெற்றிப் பட்டி யாருக்கு?

என் உம்மும்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு வருடங்களாகின்றன. பேச்சு வராது, கையும் எழாது. தண்ணீர் வேண்டுமா என்று உம்மா கேட்டால் ஒருமுறை கண்ணை மூடித் திறப்பார். அதுதான் 'ஆம்'. அருகில் ஆளில்லாத நேரத்தில் அந்த 'ஆம்' யாருக்கும் தெரிவதில்லை.

மனித மூளையின் மின் அலைகளை 1924இல் முதன்முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பேர்கர் என்ற ஜெர்மானிய மனநல வைத்தியர். இன்று அவ்வலைகளை அளக்கும் பட்டியை நெற்றியில் அணியலாம். கைத்தொலைபேசியோடு புளூடூத் மூலம் இணையும் சாதாரண வகையும் உண்டு. அது எண்ணங்களை வாசிக்காது. கவனம் கூடுகிறதா, மனம் அமைதியடைகிறதா என்று ஓரளவு ஊகிக்கும். கண்ணை இறுக்கிச் சிமிட்டினால் எழும் சமிக்ஞை மூளை அலையைவிடப் பெரியது. அதை இலகுவாகப் பிடித்துக்கொள்ளும்.

உம்மும்மாவுக்கு அதுவே போதும். இரண்டு சிமிட்டலுக்கு ஒரு மணி ஒலித்தால் சமையலறையிலிருந்து உம்மா ஓடி வருவார். பசறைப் பக்கத் தோட்டமொன்றில், வீட்டார் கொழுந்து பறிக்கப் போனபின் லயத்துக் காம்பராவில் தனியே படுத்திருப்பவருக்கும் அந்த மணி பக்கத்துக் காம்பராவில் ஒலித்தால் பெரிய உதவி.

ஆனால் 2019இல் சீனாவின் செஜியாங் மாகாணத்து ஆரம்பப் பாடசாலை ஒன்று இத்தகைய பட்டியை மாணவர்களின் தலையில் மாட்டியது. யாருக்குக் கவனம் குறைகிறது என்ற கணக்கு ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் போனது. பலத்த எதிர்ப்பு எழுந்தபின் அது நிறுத்தப்பட்டது. மூளைத் தகவலைப் பாதுகாக்கச் சிலி நாடு 2021இல் அரசியலமைப்பையே திருத்தியது.

நம் ஊருக்கு இது வந்தால் முதலில் எதற்கு வாங்குவோம்? டியூஷனுக்குத்தான் என்று பயப்படுகிறேன். கொழுந்தை நிறுக்கத் தராசு இருப்பதுபோல், பிள்ளையின் கவனத்தை நிறுக்கவும் ஒரு தராசு! கணக்கின் நடுவே ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதும் சில வேளை யோசிப்பதுதான் என்பது உயர்தரம் படிக்கும் எங்களுக்குத் தெரியும்.

அன்புப் பெற்றோரே, எங்களை அளப்பதற்காக இதை வாங்காதீர்கள். தொழில்நுட்பப் பிரிவுத் தோழிகளே, 'தண்ணீர்', 'வலிக்கிறது', 'திருப்பிப் படுக்க வையுங்கள்' என்ற மூன்று சொற்களைத் தமிழில் ஒலிக்கச் செய்யும் சிறு செயலியை நாமே உருவாக்கப் பார்ப்போம். முதலில் அணிந்து பார்க்க எங்கள் வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார்.